மாட்டைக் கட்டு, மாடு கத்துது

ஐம்பதுகளில் இலுப்பூர்ப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தேன். இலக்கண விதிகளைச் சூத்திரமாக ஒப்பிக்க வைப்பதுதான் அங்கே வழக்கம். ஒப்பித்த கையோடு பிள்ளைகள் பிழையாகவே எழுதினார்கள். அதனால் நான் கேள்வி கேட்டுப் பார்த்தேன்.

"'மாட்டைக் கட்டு', 'மாடு கத்துது'. ரெண்டையும் சத்தமாச் சொல்லுங்க. எதுல 'க்' அழுத்தமா விழுது?"

"மொதல்ல சொன்னதுல, டீச்சர்!"

"ஏன்?"

நான் பதில் சொல்லாமல் இதுபோல இன்னும் சொல்லச் சொன்னேன். பானையைத் தூக்கு, கதவைச் சாத்து, பாட்டைப் பாடு என்று கரும்பலகை நிறைந்தது. வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கிப் படித்த பெண் ஒருத்தி எழுந்தாள்.

"முன்னால உள்ள சொல்லு 'ஐ'ன்னு முடிஞ்சா வருது, டீச்சர்."

"யானையும் 'ஐ'ன்னுதானே முடியுது? 'யானை கத்துது'ன்னா ஏன் வரலை?"

அவள் முகம் சுருங்கியது. மறுநாள் மணியடிக்குமுன் ஓடிவந்தாள். "யானைக்கு அதோட பேரே அப்புடி, டீச்சர். மாட்டைங்கிறதுல 'ஐ' நாம சேத்தது. நாம சேத்தாத்தான் வருது!"

வேற்றுமை உருபு என்ற பெயரை அதன்பிறகுதான் சொல்லிக்கொடுத்தேன். அன்று எனக்குப் பசியே தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எட்டாவது பாஸானால் டீச்சர் டிரெய்னிங்குக்கு அனுப்புவதாக அவள் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அரசுப் பரீட்சையில் விதியைச் சூத்திரத்தோடு எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் தன் சொற்களில், மாட்டையும் யானையையும் வைத்து எழுதினாள். சூத்திரம் இல்லாததால் இலக்கணத்துக்கு மார்க் விழவில்லை; தமிழில் பெயில்.

பஸ் ஏறி வல்லத்திராக்கோட்டையில் அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா களத்திலிருந்து வந்து, துண்டை உதறிவிட்டு எதிரே நின்றார்.

"ஒக்காருங்க டீச்சர். பாஸ் பண்ணுனா அனுப்புறேன்னுதான் சொன்னேன். நான் பேச்சு மாறலையே. வர்ற மாசம் கல்யாணம்."

"இன்னொரு தடவை எழுதட்டுங்க. கெட்டிக்காரப் பொண்ணு."

"கெட்டிக்காரப் பொண்ணு எப்புடிங்க பெயிலாகும்?"

எழுந்துகொண்டேன். அவள் பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தாள். "நான் எழுதுனது தப்பா, டீச்சர்?"

"தப்பில்லைம்மா."

"அப்பறம் ஏன்?"

பஸ் வந்துவிட்டது. அதைச் சாக்காக வைத்து ஏறிக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு என்னை மீமிசலுக்கு மாற்றினார்கள். முதல் நாள், மீன்காரர் வீட்டுப் பிள்ளைகள் என் முகத்தையே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சாக்பீஸை எடுத்தேன். கேள்வி கேட்க வாய் வரவில்லை. சூத்திரத்தை எழுதிப்போட்டுப் படிக்கச் சொன்னேன். நன்றாகத்தான் ஒப்பித்தார்கள். எல்லோரும் பாஸானார்கள். ஒரு பிள்ளைகூட என்னிடம் எதையும் கேட்கவில்லை.