நாலு சில்லும் இழுக்கும் வண்டி

எங்கள் வீட்டில் வாகனம் ஓட்டுகிறவள் என் மனைவிதான். நான் கோப்பாயில் இருந்து பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்வரும் சரித்திர ஆசிரியன். அவள் விவசாயப் போதனாசிரியர். புத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களும், பிறகு வடமராட்சி கிழக்கின் மணல் ஊர்களும் அவளுடைய பொறுப்பில் இருந்தன. மாரி காலத்தில் ஸ்கூட்டரோடு சேற்றில் விழுந்து எழும்பிச் சலித்துப்போய், ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு சின்ன ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பழையது. டீசலில் ஓடுவது. நாலு சில்லும் இழுக்கும்.

எங்கள் ஒழுங்கைக்கு அது பொருந்துமா என்று எனக்குப் பயம். இரண்டு பக்கமும் வேலி; எதிரே ஒரு மோட்டார்சைக்கிள் வந்தாலே ஒதுங்க இடமில்லை. ஆனால் அது அகலத்தில் குறைந்த வண்டி. அவள் ஸ்டேரிங்கை முழுதாக ஒடித்து, முனை வீட்டுக் கிணற்றடியோரமாக ஒரே வீச்சில் திருப்பிவிடுவாள். விடிய ஸ்டார்ட் பண்ணினால் மட்டும் அயல் முழுக்கக் கேட்கும். கொஞ்ச நேரம் கடகடவென்று இருமிவிட்டுத்தான் சத்தம் தணியும்.

“காரைப்போலச் சொகுசு இல்லையே,” என்றேன் முதல்நாள். பள்ளங்களில் அது தூக்கித் தூக்கிப் போட்டது.

“இது சொகுசுக்குச் செய்த சாமான் இல்லையப்பா. பெற்றோல் வண்டியெண்டால் எஞ்சினை அலற விட்டால்தான் பலம் வரும். இது மெல்லச் சுத்தேக்கையே இழுக்கும். காலை அமத்தினால் ஒருக்கால் யோசிக்கும், பிறகு பாருங்கோ, ஆரோ பின்னாலை நிண்டு தள்ளுறமாதிரி இருக்கும்.”

கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி இருந்தது. சாதாரண றோட்டில் பின்சில்லுகள் மட்டும் இழுக்கும். சேற்றிலும் மணலிலும் அந்தக் கம்பியைத் தள்ளினால் நாலும் சேர்ந்து இழுக்கும். இன்னும் ஒரு படி தள்ளினால் வண்டி நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடும், ஆனால் பலம் பலமடங்காகும். இதையெல்லாம் அவள் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டுக் குழைத்துக்கொண்டே சொல்லுவாள். நான் பாதி கேட்பேன்.

அது எவ்வளவு இழுக்கும் என்பதை ஒரு கார்த்திகை மழையில் புத்தூரில் கண்டேன். பள்ளிக்கூடம் லீவு; அவளோடு சும்மா போயிருந்தேன். ஒரு தோட்டக்காரர் வெங்காயம் ஏற்றிய இழுவைப் பெட்டியோடு தன் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைச் செம்மண் சேற்றில் இறக்கிவிட்டு, மழையில் நனைந்தபடி நின்றார்.

“மிஸ், உங்கடை சின்ன வண்டி தாங்காது. விடுங்கோ, நான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்.”

“கயித்தைக் கட்டுங்கோ அண்ணை. பிறகு கதைப்பம்.”

அவள் குட்டிக் கம்பியைக் கடைசிவரை தள்ளினாள். எஞ்சின் குரல் உயரவேயில்லை. சில்லுகள் சேற்றைப் பிசைந்தன; கயிறு விறைத்தது; லாண்ட்மாஸ்டர் பெட்டியோடு அசைந்து, மெல்ல மெல்ல ஒழுங்கைக்கு ஏறியது. தோட்டக்காரர் கைதட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நேரம் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது.

“என்ன நடந்தது?”

“கிளச்சிலை இருந்து கால் வழுக்கிப்போச்சு. செருப்பெல்லாம் சேறு,” என்றாள்.

செருப்பைக் கழற்றிக் கழுவிவிட்டு ஏறினாள். வீடு வந்து சேருமுன் இன்னும் ஒருதரம் வழுக்கியது. அப்போது அவள் வெறுங்காலோடு இருந்தாள். 

தைப்பொங்கலுக்குள் இடதுகால் நுனி நிலத்தில் உரசத் தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்திலும் பிறகு கொழும்பிலும் காட்டினோம். தசைகளை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற வருத்தம் என்றார் வைத்தியர். கால், கை, பிறகு பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. மூளைக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கொடுமையாகப் பட்டது.

அவள் கடைசியாக ஓட்டியது கோப்பாய்ச் சந்தி வரைக்கும்தான். கிளச்சை மிதிக்க முடியாமல் வண்டி நடுச்சந்தியில் நின்றது. பின்னால் பஸ். அவள் கதவைத் திறந்து, வண்டியைப் பிடித்துப் பிடித்து முன்பக்கமாகச் சுற்றிவந்து, என் பக்கக் கதவைத் திறந்தாள்.

“இறங்குங்கோ. இனி நீங்கள் ஓட்டுங்கோ.”

“நானோ? நீர் என்ன கதைக்கிறீர்?”

“லைசன்ஸ் கிடக்குத்தானே. அலுமாரிக்கை வைச்சுப் பூசை செய்யவே எடுத்தனீங்கள்?”

அவளைத் தூக்கி இடப்பக்க ஆசனத்தில் ஏற்றிவிட்டு, ஸ்டேரிங்கைப் பிடித்தேன். அன்று வீட்டுக்கு முதலாம் கியரிலேயே வந்தேன். அவள் வழி முழுக்கச் சிரித்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் அழுதாள்.

அதன்பிறகு பின்னேரங்களில் அவள் இடப்பக்கம் இருந்து எனக்குப் பழக்கினாள். “மெல்ல விடுங்கோ காலை. டீசல் எஞ்சின் நிண்டுபோகாது, உங்களுக்குத்தான் அவசரம்.” “பள்ளத்தைப் பாத்துப் பயப்பிடாதையுங்கோ, அடி தட்டாது, நல்ல உயரம்.” நாற்பத்தெட்டு வயதில் ஒரு மாணவனாக அவளிடம் ஏச்சு வாங்கினேன். ஆடி வந்தபோது அவளுக்கு நாக்குத் தடிக்கத் தொடங்கியது. ‘கியர்’ என்ற சொல் வாயில் வரவில்லை. விரலால் தன் முழங்காலில் தட்டுவாள்; ஒரு தட்டு என்றால் கியரைக் கூட்டு, இரண்டு என்றால் குறை. மார்கழியில் விரலும் போனது. பிறகு கண்தான்; எழுத்துகள் எழுதிய ஒரு பலகையில் நான் விரலை ஓட்ட, வேண்டிய எழுத்தில் கண்மூடித் திறப்பாள்.

அவள் மெச்சிய அந்த உயரமே எங்களுக்குப் பாடாகிப்போனது. ஒவ்வொரு முறையும் அவளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கித்தான் ஏற்றவேண்டும். தூக்கத் தூக்கப் பாரம் குறைந்துகொண்டே வந்தது. கடினமான ஸ்பிரிங்குகள் அவளுடைய தாங்காத கழுத்தை ஆட்டின. பஞ்சு வைத்துப் பட்டி தைத்துத் தலையை ஆசனத்தோடு கட்டினேன். பின்னாசனத்தை மடித்தால் சக்கர நாற்காலி சரியாக உள்ளே போகும். அதை ஏற்றி இறக்கும்போதெல்லாம், இந்த வசதியை நாங்கள் வெங்காய விதைக்கும் உரப்பைக்கும் என்றல்லவா வாங்கினோம் என்று நினைப்பேன்.

மாசி மாதம் ஒரு காலை அவளுக்கு மணற்காட்டுக்குப் போகவேண்டும் போலிருந்தது. எழுத்துப் பலகையைக் காட்டினேன். ‘ம’, ‘ண’ என்று கண்ணால் நிறுத்தியதும் விளங்கிவிட்டது. அவள் வேலை பார்த்த இடம். பருத்தித்துறை றோட்டால் மெல்லப் போனோம். றோட்டு முடிந்து மணல் தொடங்கிய இடத்தில் குட்டிக் கம்பியைத் தள்ளினேன். சவுக்கு மரங்களைத் தாண்டும்வரை வண்டி நன்றாகத்தான் ஏறியது. ஒரு மேட்டில் நான் பயந்து அக்சிலேற்றரை ஓங்கி மிதித்தேன். நாலு சில்லும் தங்களுக்கே குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்தன.

கண்ணுக்கெட்டியவரை ஒருவரும் இல்லை. 

“இப்ப என்னப்பா செய்யிறது?” என்று கத்தியேவிட்டேன்.

அவள் கண்ணைக் கீழே இறக்கினாள். பிறகு கதவுப்பக்கம். பிறகு கீழே. நான் எழுத்துப் பலகையைத் தேடினேன். முதல் எழுத்து ‘கா’.

“காத்தோ? ரயர்க் காத்தோ?”

அவள் ஒருதரம் கண்மூடித் திறந்தாள். ஓம்.

இறங்கி, வண்டித் திறப்பின் முனையால் வால்வை அழுத்தி நாலு ரயர்களிலும் காற்றை இறக்கினேன். ரயர்கள் மணலில் தட்டையாகப் படிந்தன. ஏறி இருந்து, எல்லாவற்றிலும் மெதுவான கியரைப் போட்டு, காலை அக்சிலேற்றரில் வைக்காமலே கிளச்சை விட்டேன். வண்டி யோசித்தது. பிறகு சத்தமில்லாமல் குழியை விட்டு ஏறியது. மேட்டின் உச்சியில் கடல் தெரிந்தது. எஞ்சினை நிறுத்தினேன்.

அவளுடைய முகம் கோணி, தோள் குலுங்கியது. அந்த வருத்தக்காரருக்குச் சிரிப்பும் அழுகையும் கட்டுப்பாடில்லாமல் வரும், இரண்டையும் பிரித்தறிய ஏலாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நான் கண்ணீரைத் துடைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தோம்.

சித்திரைக்கு முதல் அவள் போய்விட்டாள். காலையில், நித்திரையில், வீட்டில். புத்தூர்த் தோட்டக்காரர் செய்தி கேட்டு வந்து, முற்றத்தில் நின்ற வண்டியில் கையை ஊன்றிக்கொண்டு, “மிஸ்ஸை எடுக்கிற வயசே,” என்று அழுதார்.

சாம்பலைக் கீரிமலையில் கரைக்க வேண்டும். சொந்தக்காரர் வான் பிடித்திருந்தார்கள்.

“நீ இந்த நிலைமையிலை ஓட்டக்கூடாது, எங்களோடை வா,” என்றார் அவளுடைய அண்ணை.

“நான் ஓட்டுவன் அத்தான். நீங்கள் சாம்பல் முட்டியை மடியிலை வைச்சுக்கொண்டு பக்கத்திலை இருங்கோ.”

அவர் முட்டியோடு வந்து இடப்பக்கம் ஏறினார். கடலில் கரைத்து முழுகியபின் அவர் வானில் போய்விட்டார். நான் ஈரவேட்டியோடு தனியே திரும்பினேன். இடப்பக்கம் பார்த்தால் ஓட்ட முடியாது என்று தெரிந்திருந்ததால் றோட்டை மட்டும் பார்த்தேன். ஒரு பஸ் பின்னால் வந்து ஹோர்ன் அடித்தது. ஒதுங்கி விட்டேன். சாரதி கடந்து போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ ஏசினான். என்ன என்று கேட்கவில்லை. முன்கண்ணாடி மங்கியது. வைப்பரைப் போட்டுப் பார்த்தேன், மழை பெய்யவில்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.