கயிறில்லாத பசுவின் படம்

சபியாவின் பசு செத்தது என்னால். கயிற்றை அவிழ்த்தது என் கை. அவிழ்க்கவில்லை என்று பொய் சொன்னது என் வாய். அந்தப் பழியைப் பத்து வருடம் சுமந்தவள் சபியா.

சொல்லிவிட்டேன்... இவ்வளவுதான். இந்த நான்கு வரியை எழுத எனக்கு இத்தனை காலம் ஆயிற்று!

இனி நீங்கள் வாசிப்பதை நிறுத்திக்கொண்டாலும் நான் குறை சொல்லமாட்டேன். எப்படி நடந்தது என்று அறிய விரும்பினால் சற்றுப் பொறுங்கள். களைத்துப் போயிருக்கிறேன். மெதுவாகத்தான் சொல்ல முடியும்.

நான் யாழ்ப்பாணத்தான். அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் உத்தியோகம்; மாற்றலாகிக் கண்டிக்கு வந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம் அது. அம்பிட்டியவில் ஒரு மேட்டில் வாடகை வீடு. நானும் என் மனைவி பாக்கியமும் மட்டும். பிள்ளைகள் இல்லை.

சீமைக்குத் திரும்பிய ஒரு துரை தன் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றபோது அவருடைய கமராவை நான் வாங்கினேன். மரப்பெட்டி, முக்காலி, தலையை மூடிக்கொள்ள ஒரு கருந்துணி, பிம்பத்தைப் பதிக்கக் கண்ணாடித் தகடுகள். அன்றிலிருந்து பிடித்தது எனக்கு அந்தப் பைத்தியம்!

மனிதர்களைப் படம் பிடிக்க எனக்கு ஆசை வந்ததேயில்லை. கோழி, ஆடு, எருமை, ஓணான், மிளகுக் கொடியில் ஏறும் அணில், கோப்பிச் செடியில் கூடு கட்டும் குருவி... இவைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு அயல் தோட்டங்களுக்குள் புகுந்துவிடுவேன். சனங்கள் சிரித்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள்.

என்னிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. படத்தில் மனிதக் கை பட்ட எதுவும் தெரியக்கூடாது. வேலி, வாளி, கூடை, கொடியில் காயும் துணி, எல்லாவற்றையும் அகற்றிவிட்டுத்தான் எடுப்பேன். ஒருமுறை கூட்டை மறைத்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டுக் குஞ்சுகளைப் படம் எடுத்தேன். மறுநாள் கூடு வெறுமையாகக் கிடந்தது. காகம் கண்டுகொண்டது. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. படம் நன்றாக வந்திருந்தது!

எங்கள் வீட்டுக்குக் கீழே சாலி நானாவின் வீடு. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்துவரும் முஸ்லிம் குடும்பம். நானா வெற்றிலையும் மிளகும் பயிரிட்டார். அவருடைய மனைவி சபியா ஒரு பசு வைத்திருந்தாள். சீனி என்று அதற்குப் பெயர். சீனியின் பாலில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. எங்கள் வீட்டுத் தேநீருக்கும் அந்தப் பால்தான்.

அந்த வருடம் சீனி கன்று போட்டது. கன்று பால் குடிக்க, தாய் திரும்பி அதை நக்கும் காட்சியைக் கண்டது முதல் எனக்கு நித்திரை இல்லை. ஒரு ஞாயிறு காலை, மழை விட்டுக் கழுவினாற்போல வெளிச்சம் விழுந்தது. கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

சீனி பலா மரத்தில் கட்டப்பட்டிருந்தது. அதற்கப்பால் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நிலம் சட்டென்று முடியும். கீழே ஓடை. கயிறு அந்த விளிம்பை எட்டாத நீளத்தில் அளந்து கட்டப்பட்டிருந்தது.

"எடுங்க ஐயா, நல்லா எடுங்க" என்றாள் சபியா. "கயித்த மட்டும் தொடாதீங்க. அங்கால பள்ளம் இரிக்கி."

"ஓம் அக்கா, தொடமாட்டன்" என்றேன்.

அவள் சோறு வடிக்க உள்ளே போனாள். நான் கருந்துணிக்குள் தலையை நுழைத்தேன். தலைகீழாகத் தெரிந்தன தாயும் கன்றும். எத்தனை அழகு! ஆனால் குறுக்கே அந்தக் கயிறு... கழுத்திலிருந்து மரம் வரை ஒரு கீறல் விழுந்தாற்போல.

இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் கயிறு.

ஒரு நிமிடம்தானே என்று நினைத்தேன். அந்த நினைப்பை நான் எத்தனை தடவை சபித்திருக்கிறேன்!

கழுத்து முடிச்சை அவிழ்த்தேன். இரண்டு முடிச்சு. இறுக்கமாக இருந்தன. நகம் வலித்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சபியா இரண்டு முடிச்சுப் போட்டிருந்தாள். அதற்கு நான் ஒருவன்தான் சாட்சி.

சீனி அசையவில்லை. கன்று முட்டி முட்டிக் குடித்தது. தாய் தலையைத் திருப்பி அதன் முதுகை நக்கிற்று. எடுத்தேன். இன்னொரு தகடும் எடுத்தேன். அதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. முதல் துளி என் கையில் விழுந்தது. கமரா நனைந்துவிடுமே!

கயிற்றைச் சீனியின் கழுத்தில் சுற்றினேன். கட்டினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுற்றி, நுனியை ஒரு தடவை உள்ளே செருகினேன். அவ்வளவுதான். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மேட்டில் ஏறி ஓடினேன்.

பின்னேரம் மழை விட்டபிறகு கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. நான் போனபோது ஓடைக்கரையில் சனம் கூடியிருந்தது. கன்று மேட்டின் விளிம்பில் நின்று கத்திக்கொண்டிருந்தது. தாய் கீழே கற்களுக்கிடையில் கிடந்தது. முன்னங்கால் இரண்டும் முறிந்திருந்தன. தலையைத் தூக்கித் தூக்கி மேலே கன்றைப் பார்த்தது...

உயிர் போகுமுன் அறுத்துவிடுவதே நல்லது என்று முடிவாயிற்று. சாலி நானாவால் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. வேறொருவர் இறங்கிப் போனார். சபியா கன்றின் முகத்தைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள்.

நானா பலாவடிக்குப் போய்க் கயிற்றை எடுத்துப் பார்த்தார். "மரத்துல கட்டினது அப்பிடியே இரிக்கி. கழுத்து முடிச்சுத்தான் அவுந்திரிக்கி. காலையில ஆரு கட்டின?"

"நான்தான்" என்றாள் சபியா. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஐயா, நீங்க படம் எடுக்கக்குள்ள கயிறு சரியா இருந்திச்சா?"

அவள் என்னைச் சந்தேகிக்கவில்லை. நான் வாக்குக் கொடுத்தவன் அல்லவா! தன் கையைத்தான் சந்தேகித்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். 'நான்தான் அவிழ்த்தேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? ஒரு மூச்சு போதும்.

"ஓம் அக்கா. அப்ப சரியாத்தான் இருந்தது" என்றேன்.

அந்தப் பதிலோடு முடிந்தது அவள் வாழ்வு. பிழை அவளுடையதாகிவிட்டது.

நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா? சொல்லியிருப்பீர்கள். என்னைத் தேற்றுவதற்காக இல்லையென்று சொல்லவேண்டாம்.

தகடுகளைக் கழுவினேன். ஆம், கழுவினேன்! ஜன்னல் இல்லாத சாமான் அறையில், சிவப்பு விளக்கின் கீழ், மருந்து நீரிலிருந்து சீனி உயிரோடு எழுந்து வந்தது. நான் எடுத்தவற்றில் அதைவிட நல்ல படம் இல்லை. இதைச் சொல்லக் கூசுகிறது, ஆனாலும் உண்மை.

பாக்கியம் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"என்னப்பா, கயிறெங்கை?"

"கழுத்துக்குப் பின்னாலை மறைஞ்சிருக்கு."

அவள் படத்தை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். அதைப்பற்றிப் பிறகு பல வருடம் ஒரு சொல் பேசவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஒரே வீட்டில் அப்படியே இருந்தோம்.

அடுத்த வருடம் கண்டியில் படப்பிரியர் சிலர் கூடி ஒரு கண்காட்சி வைத்தார்கள். நான் அந்தப் படத்தை அனுப்பினேன். ஏன் அனுப்பினேன்? அதை நானே என்னைப் பலமுறை கேட்டுவிட்டேன். வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. தோட்டத்துரை ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, கட்டில்லாத விலங்கின் அமைதியை நான் பிடித்துவிட்டதாகப் புகழ்ந்தார். நான் தலை குனிந்து நன்றி சொன்னேன்!

அந்த வேளையில் சபியா எங்கே இருந்தாள் தெரியுமா? டவுனில் ஒரு கடையின் பின்கட்டில், நிலத்தில் குந்தியிருந்து சாதிக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பால் நின்றபின் வேறு வழி என்ன? விடியுமுன் மேட்டிலிருந்து இறங்கி நடப்பாள். பொழுதுபட ஏறி வருவாள். கன்றையும் விற்றாயிற்று.

சாலி நானா கெட்ட மனிதர் அல்லர். ஆனால் அந்தப் பசு அவர் வாயில் ஒரு கசப்பாகத் தங்கிவிட்டது. கோப்பை உடைந்தால், சோறு அடிப்பிடித்தால், கதவு திறந்து கிடந்தால் அவருடைய குரல் மேட்டுக்குக் கேட்கும்.

"ஒரு முடிச்சுப் போடத் தெரியாத கை!"

அவள் எதிர்த்துப் பேசியதில்லை. ஆனால் அவள் கை மாறிப்போயிற்று. எதைக் கட்டினாலும் மூன்று நான்கு முடிச்சுப் போடுவாள். போட்டுவிட்டு இழுத்துப் பார்ப்பாள். சற்றுத் தூரம் போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். பெருநாளைக்குப் பாக்கியத்துக்கு அவள் அனுப்பும் பலகாரப் பொட்டலத்தை அவிழ்க்க எங்களுக்குக் கத்தி வேண்டியிருந்தது.

ஒருநாள் அவளே எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, நீங்க படிச்ச ஆள். ஒண்டு கேக்கணும். நான் அண்டைக்கு ரெண்டு முடிச்சுப் போட்டேன் எண்டுதான் எனக்கு நெனப்பு. கை நினைவிலயும் அப்பிடித்தான் இரிக்கி. ஆனா போடல்லதானே... போட்டிருந்தா அவுந்திருக்காதே. மனிசருக்கு இப்பிடி இல்லாத நினைவு வருமா?"

உள்ளே பாக்கியத்தின் அம்மி நின்றுவிட்டது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன்: "எல்லாருக்கும் மறதி வரும் அக்கா. அதை நினைச்சு மனதைப் போட்டு வருத்தாதையுங்கோ."

என் குற்றத்துக்கு அவளை நான் மன்னித்தேன்! கேட்டீர்களா? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும்" என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

இப்படியே பத்து வருடம். நான் படம் எடுப்பதையும் நிறுத்தவில்லை. அதற்குக்கூட எனக்கு வெட்கம் வரவில்லை.

நாடெங்கும் மலேரியா பரவிய வருடம், மாவனல்லையில் தங்கையைப் பார்க்கப் போன சபியா காய்ச்சலோடு திரும்பினாள். இரண்டாம் நாள் பாக்கியம் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, என் கதிரைக்கு முன்னால் நின்றாள்.

"என்னப்பா, போய்ச் சொல்லுங்கோ. இண்டைக்கு அவவுக்கு அறிவு தெளிவாயிருக்கு."

"நாளைக்குப் போறன்."

"நாளைக்கெண்டு ஒண்டு இருக்கோ ஆருக்குத் தெரியும்?"

மறுநாள் போனேன். சபியா யாரையும் அறியாத நிலையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் போர்வையின் ஓரத்தை முறுக்கி முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை அவளை அடக்கம் செய்தார்கள்.

அதன் பிறகு என்னால் தாங்க முடியவில்லை. நாற்பதாம் நாள் ஓதி முடித்த மறுநாள் மாலை, சாலி நானாவிடம் போனேன். அவர் வெளியே கதிரையில் இருந்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு முடிச்சு, மழை, பொய், பதக்கம்... ஒன்றையும் மறைக்கவில்லை.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவேண்டும் என்று விரும்பினேன். காறித் துப்பினாலும் போதும், என் பாரம் இறங்கிவிடும் என்று...

அவர் என் கைகளையே பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்ப அவ ரெண்டு முடிச்சுப் போட்டுத்தான் இருந்தாளா?"

"ஓம் நானா. இறுக்கமாப் போட்டிருந்தா."

"காய்ச்சல்ல கெடக்கக்குள்ள நான்தான் தண்ணி குடுத்தேன். கோப்பை அவ கையால நழுவிப் பாயெல்லாம் நனைஞ்சிச்சி. அப்பவும் சென்னேன் ஐயா... ஒண்டையும் பிடிக்கத் தெரியாத கை எண்டு சென்னேன். அவ என்னைப் பார்த்தா. அதுக்குப் பொறகு கண்ணு திறக்கல்ல."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் ஐயா இப்ப வந்து சென்னீங்க?" என்றார் அவர். கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் என்னைக் கொன்றது. "உங்களுக்கு உண்மைய வந்து செல்ல நான் ஒருத்தன் இருந்தேன். நான் ஆருக்கிட்டப் போய்ச் செல்ல?"

எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தவுமில்லை. நான் முற்றத்தில் நின்றுகொண்டே இருந்தேன். மஃரிபு தொழுது முடித்து வெளியே வந்தவர், என்னைக் கண்டு, "இன்னும் இங்கயா நிக்கிறீங்க? இருட்டுது, ஊட்டுக்குப் போங்க ஐயா" என்றார்.

போனேன். வேறென்ன செய்ய?

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. உத்தியோகம் இன்னும் சில மாதம். பிறகு ஊருக்குப் போய்விடுவோம் என்கிறாள் பாக்கியம். போகலாம். அங்கே போனால் மட்டும் என்ன?

ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மா முடிந்து சாலி நானா சபியாவை அடக்கிய மையவாடிக்குப் போகிறார். முன்பு நிமிர்ந்து நடந்த மனிதர். இப்போது வேலியைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறார். சபியாவின் கபுறடியில் வெகுநேரம் நின்று உதடசைப்பதை நான் வீதியிலிருந்து பார்த்திருக்கிறேன். அவள் பதில் சொல்லமாட்டாள் என்று தெரிந்தும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

திரும்பும்போது சில நாட்களில் எதிர்ப்படுவோம்.

"சுகமா ஐயா?" என்பார்.

"சுகம் நானா" என்பேன்.

அவர் இறங்கிப் போவார். நான் மேட்டில் ஏறுவேன்.