கன்னம் பதிந்த கட்டை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் புது கிரிக்கெட் மட்டை வாங்கி வந்து, கூடத்தில் செய்தித்தாளை விரித்து, அதற்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். ஆளிவிதை எண்ணெய். உங்களுக்கு அந்த வாசனை தெரியுமோ என்னவோ. பழைய பெயிண்ட் டப்பாவையும் வறுத்த எள்ளையும் ஒன்றாகப் பூட்டி வைத்துத் திறந்த மாதிரி இருக்கும். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து விறைப்பாக நின்று, வலது தோளை முன்னால் கொடுத்துவிட்டேன்.

“என்னப்பா, சுளுக்கா?” என்றான் மகன்.

சுளுக்கில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாசனை வந்தால் என் உடம்பு தானாக எழுந்து நிற்கிறது. அப்படிப் பழக்கிவிட்டார் எங்கள் மொதலாளி.

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டராகச் சேர்ந்த புதிது. ஆள் கணக்கும் மூட்டைக் கணக்கும் எழுதுகிற வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. சேலத்திலிருந்து பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து ஏறிவந்து பிடித்த வேலை. அதே வளைவுகளில் மூட்டை முடிச்சோடு இறங்கிப் போகிற தெம்பு எனக்கு இல்லை. ஆகவே மொதலாளி எது சொன்னாலும் “சரிங்க” என்பேன். மழை பெய்யும்போது வெயில் அடிக்கிறது என்றாலும் “நொம்பச் சூடுங்க” என்று விசிறிக்கொள்வேன்.

மொதலாளிக்கு ஒரே ஓர் ஆசை. அவர் அப்பாவிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான். சுட்டுவிட்டு அடுத்ததைக் கையால் போடவேண்டும். குழல் துருப்பிடித்துப் போயிற்று, தோளில் வைக்கிற கட்டையைக் கரையான் தின்றுவிட்டது. குண்டு உட்காரும் நடு இரும்பும் அதன் விசையும் மட்டும் நேற்றுச் செய்தது போல மினுங்கின. அந்த இரும்பை வைத்தே முழுத் துப்பாக்கியாக்கிவிட வேண்டும் என்பது மொதலாளியின் திட்டம். லைசென்ஸ் அவர் பெயருக்கு வந்தாயிற்று. புதுக் குழலைச் சேலத்தில் லைசென்ஸ் உள்ள கடைக்காரர் பொருத்திக்கொண்டிருந்தார். கட்டையை மட்டும் தன் கையால்தான் செதுக்குவேன் என்றார் மொதலாளி. காற்றில் விழுந்த பலா மரத்தில் ஒரு துண்டை எடுத்து வைத்திருந்தார்.

“அப்பா என்னைத் தொடவே உட்டதில்ல கண்ணு. அதுல ஒரே ஒரு குண்டு நானும் சுட்டுறணும். அப்புறம் செவுத்துல மாட்டிரலாம்.”

“எதைங்க சுடப்போறீங்க?”

“காகிதத்தை.”

கீழே சமவெளியில் துப்பாக்கி சுட்டுப் பழகுகிற மைதானம் இருக்கிறதாம். அங்கே வட்டம் போட்ட காகிதத்தைச் சுடுவாராம். ஒரு காகிதத்தை ஓட்டை போட இத்தனை பாடா என்று எனக்கு நாக்கு வரை வந்தது. “நல்லதுங்க” என்றேன்.

தான் குறி பார்க்கும்போது தன்னையே பார்க்க முடியாது அல்லவா? அதற்கு நான் அகப்பட்டேன். “நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தோளு” என்று எந்தக் கண்ணாடியில் பார்த்துச் சொன்னாரோ. அவர் அரிசி மூட்டை, நான் அதைக் கட்டுகிற கயிறு. ஆபீஸ் நடுவில் என்னை நிறுத்தி, கட்டையைத் தோளில் சாத்தி, என் கன்னத்தை அதில் அழுத்துவார். கன்னம் சரியாகப் பதியவில்லை என்றால் ஓர் இழைப்பு. மறுபடி அழுத்துவார், மறுபடி இழைப்பார். “அசையாதே கண்ணு, அசையாதே.” ஆளிவிதை எண்ணெய் எப்படிப் பிடிக்கிறது பார்ப்போம் என்று என் மேஜைக்கால், நாற்காலி முதுகு எல்லாவற்றிலும் தடவி வைத்தார். என் சட்டைகள் முதுகுப்பக்கம் மட்டும் மஞ்சளாகிவிட்டன.

ஒரு சம்பள நாளிலும் இப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் வரிசை. முதல் ஆளாகச் செல்லம்மாக்கா. பக்கத்துச் செம்மநத்தம் கிராமத்தில் ராகியும் சாமையும் போடுகிற குடும்பம். பழம் பறிக்கிற பருவத்தில் மட்டும் எங்கள் எஸ்டேட்டுக்கு வருவார்.

“ஏனுங்க ரைட்டரே, களித் துடுப்பத் தோள்ல வச்சுட்டு என்ன பண்றீங்க?”

வரிசையே சிரித்தது. உண்மையில் அது களி கிண்டுகிற துடுப்பு மாதிரிதான் இருந்தது. ஒரு பக்கம் அகலம், நடுவில் பிடி, அப்புறம் நீளம். துப்பாக்கி என்று மூச்சு விடக்கூடாது, ஊரே என்னைக் கண்டால் பதுங்கும் என்று மொதலாளி ஏற்கனவே என் வாயை அடைத்திருந்தார். அவரே ஜன்னல் பக்கம் திரும்பிப் பெரிய மனுஷத்தனமாகச் சொன்னார்:

“ஒரு விசேஷத்துக்கும்மா.”

செல்லம்மாக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். எதற்குக் கும்பிடுகிறார் என்று கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அப்புறம் மழை பிடித்தது. மழையில் ஏற்காட்டு மலையில் எதுவும் காயாது. துண்டு, தீப்பெட்டி, போர்த்திக்கொள்கிற கம்பளி எல்லாமே நமத்துக் கிடக்கும். ஈரம் சுண்டினால்தான் கட்டை இரும்பைக் கவ்வும் என்று மொதலாளிக்குக் கவலை. அடுப்புக்கு மேலே புகை படுகிற பரண் யார் ஊட்டில் இருக்கிறது என்று விசாரித்து, அவரே ஜீப்பில் கொண்டுபோய்ச் செல்லம்மாக்காவிடம் கொடுத்தார். “பத்திரம்மா” என்றாராம். செல்லம்மாக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாராம்.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். லைசென்ஸ் துப்பாக்கி எல்லாம் தேர்தல் முடிகிற வரை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும். மொதலாளி சேலத்திலிருந்து ஆபீசுக்கு போன் போட்டார்.

“குழல் பொருத்தியாச்சு கண்ணு. நாளைக்கு மைதானத்துல ஒரு குண்டு சுட்டுட்டு, நாளன்னிக்கு ஸ்டேஷன்ல குடுத்துரலாம். நீ செம்மநத்தம் போய்க் கட்டைய வாங்கி வெச்சுட்டு நில்லு. நான் இரும்பை எடுத்துட்டு நேரா அங்க வர்றேன். கட்டைக்கு ஏதாவது ஆச்சு, உன் மூட்டையக் கட்டிக்க.”

கொண்டை ஊசி வளைவுகள் கண்ணுக்குள் வரிசையாக வந்து நின்றன.

செம்மநத்தத்தில் மாரியம்மன் விசேஷம். கோயிலுக்குப் பக்கத்தில் ஆளை உள்ளே உட்காரவைக்கிற அளவு அண்டா. அதில் ராகிக் களி கொதிக்கிறது. நான்கு பெண்கள் சுற்றி நின்று கிண்டுகிறார்கள். செல்லம்மாக்கா கையில் இருப்பதைப் பார்த்தேன். என் கன்னம் பதிகிற பள்ளம் களிக்குள் போய்ப் போய் வந்தது.

“அக்கா! அதை வெளிய எடுங்க!”

“களி கட்டி தட்டிரும் சாமி. செத்த இரு.”

“அது மொதலாளியோடதுக்கா!”

“ஆமா, விசேஷத்துக்குனு அவருதானே செஞ்சு குடுத்தாரு. மவராசன். பிடிக்க என்னா வாகா இருக்குது தெரியுமா!”

அண்டாவைச் சுற்றி ஓடினேன். உள்ளே கைவிடப் பார்த்து, ஆவியில் சுட்டுக்கொண்டு, கையை உதறிக்கொண்டு மறுபடி ஓடினேன். கும்பிட வந்தவர்கள் எனக்கு அருள் வந்துவிட்டது என்று வழிவிட்டு நின்றார்கள். ஒருவர் திருநீறு கூடப் பூசினார். ஒரு வழியாகக் கட்டை கைக்கு வந்தது. இரும்பு உட்காரவேண்டிய குழி நிறையக் களி. குச்சியால் நோண்டிக்கொண்டிருக்கும்போதே ஜீப் சத்தம்.

மொதலாளி கத்தவில்லை. கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, களியில உப்புப் போட்டிருக்குதா?”

ஈரம் என்றால் காயவைத்து ஒப்பேற்றலாம். உப்பு மரத்தில் இறங்கினால் அப்பா இரும்பைத் துரு தின்றுவிடும். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று செல்லம்மாக்காவுக்குக் கையால், கண்ணால், தலையால் ‘இல்லைன்னு சொல்லுங்க’ என்று ஜாடை காட்டினேன்.

செல்லம்மாக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏனுங்க, உப்புப் போடாம களி கிண்டறதுக்கு நாங்க என்ன நேத்தா அடுப்புப் பத்தவெச்சோம்? கல்லுப்பு, தாராளமாப் போட்டிருக்குது. தின்னு பாருங்க!”

மொதலாளி கட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். இலையில் உட்கார்ந்தார். கீரைக் குழம்பில் களியைத் தொட்டு விழுங்கினார். “உப்பு சரியா இருக்குது” என்றார். என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். மூட்டையைக் கட்டச் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஸ்டேஷனில் ஏட்டய்யா வெறும் குழலையும் இரும்பையும் பார்த்துவிட்டு, “கட்டை எங்கீங்க?” என்றார்.

“செம்மநத்தத்துல களி கிண்டுது” என்றார் மொதலாளி.

தேர்தல் முடிந்தது, இன்னொரு பலாத் துண்டு வந்தது. நான் மறுபடி ஆபீஸ் நடுவில் நின்றேன். அந்தக் கட்டையில் என் கன்னத்துக்குப் பள்ளம் பாதி விழுந்திருந்தபோது மொதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த அவர் மகன் இரும்பை அரசாங்கத்திடமே ஒப்படைத்துவிட்டான். அந்தக் காகிதம் ஓட்டை விழாமல் தப்பித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் தடவிய எண்ணெய் வாசனை சும்மா விடவில்லை, மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். எஸ்டேட் இப்போது விடுதி. ஆபீஸில் நான் நின்ற இடத்தில் நீச்சல் குளத்துத் தண்ணீர் நீலமாகக் கிடக்கிறது, யாரோ நீந்துகிறார்கள். செம்மநத்தத்தில் செல்லம்மாக்கா தலை நரைத்து, காது மந்தமாகி, பரணிலிருந்து துடுப்பை எடுத்துக் கொடுத்தார். கறுத்து, வழவழவென்று இருந்தது. தோளில் சாத்திக் கன்னத்தை வைத்தேன். கன்னம் சதை போட்டுவிட்டது, பள்ளத்தில் அடங்கவில்லை.

“ஏனுங்க ரைட்டரே, மறுபடியும் தோள்ல வச்சுட்டீங்களா?”

கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அசையாதே என்று சொல்ல ஆளில்லாதபோது அசையாமல் நிற்பது ஒன்றும் அவ்வளவு கஷ்டமாக இல்லை.