வெள்ளை எனாமல்

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளிக்கு ஒரு காலத்தில் பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் வழியாகப் படித்த எழுத்தெல்லாம் என் எழுத்துதான். உரக்கடை போர்டு, நகைக்கடை விளம்பரம், கட்சிச் சுவர், லாரியின் பின்பக்கத்துப் புலி, எல்லாம் இந்தக் கை போட்டது. நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் ஆள் உயர எழுத்தை நூல் பிடிக்காமல் நேராக எழுதுவேன். பிளக்ஸ் வந்தபோது மற்ற பெயின்டர்கள் ஓசூர்க் கம்பெனிகளில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் மிஷினே வாங்கினேன். இன்றைக்குக் கடையும் என்னுடையது, கடைக்கு மேல் இருக்கும் மாடியும் என்னுடையது. ஒருத்தர் கைதூக்கிவிட்டு நான் வரவில்லை.

அதனால் ஊர்த் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை என் கடைக்கு வந்து நின்றபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்றுதான் தோன்றியது.

"ஐயா, எங்க ஸ்கூல்ல டிராயிங் டீச்சரே கெடையாதுங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் வந்தீங்கன்னா புள்ளைங்களுக்கு நல்லாருக்கும்" என்றார்.

"ஒரு மணி நேரம் எதுக்குங்க டீச்சரம்மா? அரை மணி நேரத்துல யானை போட வெச்சிடறேன்."

சிரித்தார். போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். "ஒண்ணே ஒண்ணுங்க ஐயா. அவங்க பேப்பர்ல மட்டும் நீங்க கை வெச்சிடாதீங்க. தப்பாப் போட்டாலும் அவங்களே போடட்டும்."

தலையை ஆட்டி வைத்தேன். டிரெயினிங் படித்தவர்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள். நான் தொழில் கற்றது பிரஷ் கட்டையால் விரல் முட்டியில் வாங்கிய அடியில். கை வைக்காமல் யாருக்கு என்ன வரும்?

முதல் வெள்ளிக்கிழமை கரும்பலகையில் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் யானை போட்டேன். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஒரு பயல் மட்டும் எழுந்து, "சார், உங்க யானை ஆயி போறதுக்கு எடமே விடலியே" என்றான். வகுப்பே உருண்டது. நானும் சிரித்துவிட்டு வாலைச் சற்றுத் தூக்கி வரைந்தேன். அதற்குப் பிறகு நான் எது போட்டாலும் அப்படியே பார்த்துப் போட்டார்கள். மயில், பஸ், ஒகேனக்கல் பரிசல். சுவரில் வரிசையாக ஒட்டி வைத்தபோது எல்லாம் ஒரே அச்சில் அடித்த மாதிரி இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. டீச்சரம்மாதான், "அடுத்த வாரம் அவங்க வூட்டுல பாக்கறத எதையாவது போடச் சொல்லுங்களேன்" என்றார். சரி, உங்கள் அம்மாவைப் போடுங்கள் என்றேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். கூப்பிட்டால்கூட வாயைத் திறக்காது. அவள் அம்மா மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளி பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறவள். பஸ் ஏறும்போது நான் பார்த்திருக்கிறேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரிப்பாள். ஏன் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க வேண்டியதில்லை. போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல் காவியேறிப் போகும், சிலருக்குச் சொத்தைபோல் பொரிந்தும் போகும். என் பல்லும் அப்படித்தான் இருந்தது. கையில் காசு சேர்ந்ததும் சேலத்துக்குப் போய் வாய் முழுக்க வெள்ளையாகக் கட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெண் போட்ட படத்தில் முகத்தில் பாதி வாய்தான். பெரிய சிரிப்பு. அதற்குள் பற்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பழுப்புக் கிரேயானால் தனித்தனியாகக் கறை தீட்டியிருந்தாள். ஒன்றில் கோடு, ஒன்றில் புள்ளி, ஒன்று ஓரத்தில் உடைந்தது. வீட்டுக்குள் முந்தானை இல்லாமல் சிரிக்கிறவளைத்தான் போட்டிருந்தாள்.

என் தொழிலில் காவிப் பல் என்று ஒன்று கிடையாது. கல்யாண போர்டானாலும் சாவு போர்டானாலும், "பல்லக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று காதோரம் சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்லாவிட்டாலும் நான் வெளுத்துக் கொடுப்பேன். நான் பேர் வாங்கியதில் பாதி அந்த வெளுப்பில்தான். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக என் பெட்டியைக் கொண்டுபோயிருந்தேன். வெள்ளை எனாமலைத் திறந்து, மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு, நாலே இழுப்பில் பல் வரிசையை முடித்தேன். பளபளவென்று இருந்தது.

"பாத்தியா கண்ணு? இப்பத்தான் உங்கம்மா மகராசி மாதிரி இருக்காங்க. இது எனாமல். மழை பேஞ்சாலும் போகாது."

மற்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் பேப்பரைத் தொடவில்லை.

"இது எங்கம்மா இல்லீங்" என்றாள்.

"பின்ன யாரு, பக்கத்து வூட்டு அம்மாவா?"

வகுப்பு சிரித்தது. அவள் படத்தைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனாள். டீச்சரம்மா அதை எடுத்து, பெயின்ட் காயும் வரை மேஜைமேல் வைத்திருந்து, பிறகு பீரோவில் வைத்துப் பூட்டினார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அந்த அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டே மண்டி வேலைக்கும் போய்வந்திருக்கிறாள். தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது வயிறு ஊதிவிட்டிருந்தது. பிண வண்டியில்தான் திரும்பி வந்தாள்.

அவள் தம்பி கண்ணீர் அஞ்சலி போர்டுக்கு என் கடைக்குத்தான் வந்தான்.

"மாமா, எங்கக்கா சிரிச்ச மாதிரி போடுங்க. கொஞ்சம் செவப்பாவும் இருக்கட்டும்."

"சிரிச்ச போட்டோ குடுப்பா."

"ஆதார் போட்டோதான் இருக்குது. நீங்க பாக்காத வேலையா?"

கம்ப்யூட்டர் வேலை என் மருமகளுடையது. வேறு யாரோ ஒரு பெண்ணின் சிரிப்பை வெட்டி எடுத்து அந்த முகத்தில் ஒட்டினாள். நிறத்தை ஏற்றச் சொல்லி நான் பக்கத்தில் நின்றேன். சுத்தமான வேலை, ஒட்டுத் தெரியாது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் கட்டினார்கள். பார்த்தவர்கள் எல்லாம், "மகாலட்சுமி மாதிரி போட்டுட்டாருய்யா" என்றார்கள். என் காதாலேயே கேட்டேன்.

காரியம் முடிந்து அந்தப் பெண் பள்ளிக்கு வந்தாள். அந்த வெள்ளிக்கிழமை நான் வண்டியை நிறுத்துவதற்குள் பக்கத்தில் வந்து நின்றாள். அவளாக என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"சார், எங்கம்மா படத்தக் குடுங்."

"உங்கம்மா படந்தான் பஸ் ஸ்டாப்புல பெருசா இருக்குதே கண்ணு."

"அது யாருன்னே தெரியலீங். நான் போட்டது வேணுங்."

டீச்சரம்மா பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அவள் வெள்ளைப் பல்லின் மேல் நகத்தை வைத்துச் சுரண்டினாள். ஒன்றும் பெயரவில்லை. என்னிடம் நீட்டினாள்.

"இதப் போக்கிடுங் சார். அடியில இருக்குது."

பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் கொண்டுவந்தேன். துணி நுனியில் துளி தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓரத்திலிருந்து துடைத்தேன். இந்தக் கையை நான் நம்பினேன். எனாமல் இளகுவதற்கு முன்னால் கிரேயான் மெழுகு இளகிவிட்டது. சிவப்பு உதடும் பழுப்பும் வெள்ளையும் ஒன்றாகக் குழைந்து, வாய் இருந்த இடத்தில் சேறு மாதிரி ஆனது. பேப்பரில் எண்ணெய் ஊறி அந்தப்பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. நிறுத்திவிட்டேன்.

இத்தனை வருஷத் தொழிலில் எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லாத வார்த்தையை அவளிடம் சொன்னேன். "முடியல கண்ணு."

அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அழவில்லை. புதுப் பேப்பர் கொடுத்து, "இன்னொண்ணு போடு, உனக்குத் தெரியாததா?" என்றேன். முகம் போட்டாள், வாயைப் போட்டாள், பழுப்புக் கிரேயானை எடுத்தாள். அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்தப் பல்லு ஒடைஞ்சிருந்துச்சுன்னு நெனப்பு வரலீங்."

அன்று சாயங்காலமே அவள் மாமன் வீட்டுக்கு வண்டியை விட்டேன். போனில் இருந்தது, கல்யாண ஆல்பத்தில் இருந்தது, எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். ஒன்றில் முந்தானை, ஒன்றில் உள்ளங்கை, மற்றதில் எல்லாம் மூடிய வாய். எங்கள் பக்கத்தில் போட்டோ என்றால் அப்படித்தான். என் கடைக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருகிறவர்களிடம், "வாய மூடிக்குங்க" என்று நானே சொல்லிச் சொல்லித்தான் எடுத்திருக்கிறேன். அந்த அம்மா சிரித்த படம் என்று உலகத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. அதன் மேல்தான் மழைக்கும் போகாத பெயின்டை நான் அடித்திருக்கிறேன்.

"எதுக்கு மாமா இப்படி அலையறீங்க? போர்டுதான் ஜம்முனு வந்துடுச்சே" என்றான் தம்பி. நான் வண்டியை எடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். முந்தின வாரம் பாதியில் விட்ட பேப்பரைத் தள்ளி வைத்துவிட்டு வேறொன்று எடுத்தாள். முகம் போட்டாள். மஞ்சள் புடவை போட்டாள். நெற்றியில் பொட்டு வைத்தாள். வாயிடம் வந்ததும் நின்றாள். என் கை பரபரத்தது. மூக்கு கோணலாக இருந்தது, ஒரு இழுப்பில் சரி பண்ணிவிடலாம். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பழுப்பை எடுத்தாள், வைத்தாள். பிறகு சிவப்பை எடுத்து, குறுக்காக ஒரே ஒரு கோடு இழுத்தாள்.

பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, உங்கம்மா சிரிக்கவே இல்ல?"

அவள் பழுப்புக் கிரேயானை டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"எங்கம்மா போட்டோவுல சிரிக்காதுடி."