பாஸ்போர்ட் ராணி

எங்கள் வீட்டு மனுஷருக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் 'நேராப்பாருங்க'. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. பாஸ்போர்ட், லைசென்ஸ், கல்லூரி அடையாள அட்டை என்று ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது முகம் எடுப்பார். ஸ்டூலில் உட்காரவைத்துத் தோளை நிமிர்த்தி, முகவாயை ஒரு விரலால் தூக்கி, "நேராப் பாருங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருஷம் ஓடிவிட்டது. பிறகு கம்ப்யூட்டரில் போட்டு, பரு, கருவளையம், நெற்றிச் சுருக்கம் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிடுவார். படங்களை வெட்டி உறையில் போடுவது என் வேலை. சில நாள் எந்தப் படம் யாருடையது என்று எனக்கே குழம்பிப்போகும். அத்தனை பேரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனார், கை வரவில்லை. பக்கவாதம். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் மூன்று மாதத்தில் வழிக்கு வந்தது. வலது கைதான் முரண்டு பிடித்தது. தோள் தூக்கும், முழங்கை மடங்கும், விரல்கள் மட்டும் எனக்கென்ன என்று கிடக்கும். உடற்பயிற்சி சொல்லித்தர வந்த அம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "விரலுக்கு வேலை குடுங்க சார், குடுத்தாத்தான் திரும்பி வரும்" என்றார். அந்தம்மா வாசலைத் தாண்டியதும் பந்து அலமாரிக்குள் போனது. "நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று கேட்டார். குழந்தையாக இருந்தால் முதுகில் ரெண்டு வைத்து அமுக்கச் சொல்லியிருப்பேன்.

கடை பூட்டிக் கிடந்தது. நானே திறந்து நானே எடுத்துப் பார்த்தேன். முதல் ஆளுக்கு நெற்றி இல்லை, இரண்டாவது ஆளுக்குக் காது இல்லை. மூன்றாவதாக வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் தம்பிதான் ஒரு வழி கண்டுபிடித்தான். மொபைல் கவர் விற்கிற ஒருவர் எங்கள் கடையை எடுத்துக்கொள்ளத் தயார். "மாசக் கடைசி வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்க்கா. மாமாவுக்குக் கை வந்துட்டா சரி, இல்லேன்னா குடுத்துடுவோம்" என்றான். நானும் சரி என்றேன். அவரிடம் போய்ச் சொன்னபோது, "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். இருபத்தேழு வருஷக் கல்யாணத்தில் அவர் இரண்டு தடவைதான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். முதல் தடவை அவருடைய அப்பா இறந்தபோது, எங்கே அடக்கம் செய்வது என்று கேட்டதற்கு. சரி சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

எங்கள் மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சாயங்காலமானால் டிவி முன்னால் உட்கார்ந்து, காதில் மைக்கை மாட்டிக்கொண்டு, நாலு சிநேகிதர்களோடு ஏதோ ஒரு வீடியோ கேமின் மந்திர ராஜ்யத்துக்குள் போய்விடுவாள். கத்தி, கோட்டை, டிராகன். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி வேலை மாறிப் போனதில் ஓர் ஆள் குறைந்தது.

"அப்பா, காயம் பட்டா ஆத்தி விடுற ஆள் ஒண்ணு வேணும். நீங்க வாங்களேன்" என்றாள்.

"ஏன், எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார் அவர்.

அவள் விடவில்லை. திரையில் மொட்டைத் தலையோடு ஒரு பெண் வந்து நின்றாள். பக்கத்தில் நெற்றி, புருவம், மூக்குத்தண்டு, தாடை, உதடு என்று நீளமாக ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, கோட்டின் மேல் நகர்த்துவதற்கு ஒரு புள்ளி, ஓரத்தில் அளவைக் காட்ட ஓர் எண். புள்ளியைத் தள்ளினால் மூக்கு நீளும், இழுத்தால் குறுகும். நமக்கு வேண்டிய ஆளை நாமே செய்துகொள்ளலாமாம். மகள் அவசரமாக எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். இவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்மா, அந்தத் தாடையை என்ன பண்ணி வெச்சிருக்கே? குடு இங்க."

அப்படித்தான் ஆட்டத்தை ஓட்டுகிற குமிழ்ப்பெட்டி அவர் கைக்குப் போனது. புள்ளியை நகர்த்துவது வலது கட்டைவிரல் பக்கம் இருந்த குமிழ். இடது கையைக் குறுக்கே கொண்டுவரப் பார்த்தார். "அதெல்லாம் கூடாது, இந்த விரல்தான்" என்று மகள் தட்டிவிட்டாள். அவள் வேண்டுமென்றேதான் செய்கிறாள் என்று எனக்கு அப்போதே தெரியும். என் மகளாயிற்றே.

முதல் நாள் புருவத்தை ஒரு மயிரிழை தூக்கப் போய்த் தலைக்கு மேலே கொண்டுபோய்விட்டார். இறக்கினால் மூக்குக்கு வந்தது. விரல் தள்ளுமே தவிர நிற்காது. திட்டினார், குமிழை விட்டுவிட்டுப் போனார், கால்மணி நேரத்தில் திரும்பி வந்தார். இப்படியே ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் அவள் தயார். பால்போன்ற தோல், வகிடெடுத்த தலை, இரண்டு கண்ணும் ஒரே அளவு, உதட்டில் ஒரு கோடு அதிகமில்லை. உள்ளபடி சொன்னால் அழகிதான். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. என்னைச் சமையலறையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலமே ஆட்டத்துக்குள் இறங்கினாள். கோட்டை வாசலில் ஒரு காவலாளி, கையில் தீவட்டி. இவள் அவனிடம் வழி கேட்க வாயைத் திறந்தாள். அவ்வளவுதான். கீழேயிருந்து வெளிச்சம் அடித்ததும் கண் இரண்டும் வெளியே பிதுங்கி வந்தன. மூக்கு இருந்த இடம் தெரியவில்லை. பக்கவாட்டில் திரும்பினால் முகம் தோசைக்கல் மாதிரி தட்டை. டிராகன் வந்து நெருப்பைக் கக்குகிறது, இவள் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மைக்கில் நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் ஒருத்தன், "யாருப்பா இது, பாஸ்போர்ட் ராணி?" என்றான். மகளும் சிரித்துவிட்டாள். இவர் குமிழ்ப்பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகளை நான் திட்டிய திட்டில் மைக்கில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பிறகு உள்ளே போனேன். ஆறுதல் சொல்லத்தான் போனேன். ஆனால் அவர் பந்தைத் தூக்கி அலமாரியில் போட்ட அதே முகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்க சிரிச்சதுல என்ன தப்பு? முப்பது வருஷமா ஜனங்களை நேரா மட்டுந்தானே பாத்திருக்கீங்க. ஒருத்தரையாவது பக்கவாட்டுல பாத்திருக்கீங்களா? பேசும்போது பாத்திருக்கீங்களா? கண்ணு தெறந்திருக்கா, காது தெரியுதா, அடுத்த ஆள் வாங்க. அதானே?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நோயாளியிடம் பேசுகிற பேச்சா இது? அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பு" என்றார்.

"என்னது?"

"திரும்பேன். கோபமாவே இரு."

மறுநாளிலிருந்து அவருக்கு ஒரே வேலை. பால்கனியில் நாற்காலி போட்டு எதிரே இருக்கிற பஸ் நிறுத்தத்தைப் பார்ப்பார். "சிரிக்கிறப்ப யாருக்குமே உதடு ரெண்டு பக்கமும் ஒண்ணா ஏறலம்மா. இது இத்தனை நாள் எனக்குத் தெரியலையே" என்பார். காய் நறுக்கிக்கொண்டிருப்பேன், முகத்துக்கு நேரே டார்ச் அடிப்பார். மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மேசைக்குக் கீழேயிருந்து அடிப்பார். வீட்டில் ஒருத்தரை நிம்மதியாக இருக்கவிடவில்லை. பிறகு பாஸ்போர்ட் ராணியை அழித்துவிட்டு மறுபடி மொட்டைத் தலையிலிருந்து தொடங்கினார். அந்தப் பட்டியலின் உச்சியில், ஒரு பக்கம் செய்வதை மறுபக்கமும் அப்படியே செய்கிற பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை முதலில் அணைத்தார்.

இந்தத் தடவை வேலை செய்த விதமே வேறு. கொஞ்சம் செய்வார், அவளை அப்படியே ஆட்டத்துக்குள் கூட்டிப்போவார். தீவட்டி முன்னால் நிறுத்துவார், மழையில் நிறுத்துவார், சந்தையில் யாரிடமாவது சண்டை போடவிடுவார். எங்கே உறுத்துகிறதென்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அதை மட்டும் திருத்துவார். இடது புருவம் ஓர் அரைப் புள்ளி மேலே. மூக்குத்தண்டில் லேசாக ஒரு மேடு. கண்ணுக்குக் கீழே துடைத்ததையெல்லாம் மறுபடி கொண்டுவந்தார். ஒரு நாள் நான் பின்னால் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். உதட்டின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். புள்ளி ஒரு எண் நகர்ந்து நின்றது. இன்னும் ஒரு எண் நகர்ந்து நின்றது. அப்புறம் ஒரு எண் பின்னால் வந்தது. தள்ளியதும் அந்த விரல்தான், நிறுத்தியதும் அந்த விரல்தான். துணியை முகத்தில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். சொன்னால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார் என்று பயம். என் வாழ்நாளில் வாயை மூடிக்கொண்டு இருந்த வாரம் அது ஒன்றுதான்.

முடிந்ததும் கூப்பிட்டுக் காட்டினார். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் முடி கலைந்து கிடந்தது. ஒரு பக்கமாகச் சிரித்தாள். ராணியைவிட அழகு குறைவு என்று யாராவது சொன்னால் அவர்களுக்குக் கண் டாக்டரைக் காட்ட வேண்டும். அவளை விட்டுப் பார்வையை எடுக்க முடியவில்லை. எனக்கே கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

"யாரு இவ?" என்றேன்.

"யாருமில்ல."

"இத்தனை நாள் பக்கத்துலயே உக்காந்து பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கீங்க, யாருமில்லையா?"

"சத்தியமா யாருமில்லம்மா. புருவம் பஸ் ஸ்டாப்ல பாத்தது. கோபம் மட்டும் உன்னுது."

மகள் அவளுடைய அளவுகளை அந்த ஆட்டக்காரர்கள் பகிர்ந்துகொள்கிற பொதுப் பலகையில் போட்டாள். அளவை எடுத்து அதே முகத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அந்த வாரத்தின் சிறந்த முகம் எது என்று ஆட்டக்காரர்களே வாக்குப் போடுவார்களாம். முதல் நாள் நானூறு பேர் அவளைப் போட்டுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை மகள் வேலையிலிருந்தே போன் செய்தாள். முதலிடம். எந்தெந்த ஊரிலோ, என்னென்ன பாஷை பேசுகிறவர்களோ, பதினோராயிரம் பேர் எங்கள் வீட்டுச் சோபாவில் செய்த முகத்தோடு டிராகனை விரட்டிக்கொண்டிருந்தார்கள். பாஸ்போர்ட் ராணி என்று பெயர் வைத்தவன் அன்று சாயங்காலம் மைக்கில் பம்மிப் பம்மிப் பேசினான். "அங்கிள், எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுப்பீங்களா?"

"வரிசையில நில்லு" என்றார் இவர். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தெரு முழுக்க ஓடிச் சொல்ல வேண்டும்போல இருந்தது, சொல்லவும் செய்தேன்.

இந்தக் கூத்தில் மாதக் கடைசி வந்ததை நான் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலை தம்பி போன் செய்தான். கவர் கடைக்காரர் அலமாரி அடிக்க அளவெடுக்க வருகிறாராம், சாவியோடு வரச் சொன்னான். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே புரிந்துகொண்டார். "நானும் வரேன்" என்று சட்டையை மாட்டினார். பொத்தான்களை அவரே போட்டுக்கொண்டார்.

கவர் கடைக்காரர் கையில் டேப்போடு எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார். கதவைத் திறந்ததும் சுவரை அளக்கத் தொடங்கினார். பெரிய உடம்பு, முகத்தில் அம்மைத் தழும்புகள், பேசும்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொள்கிற பழக்கம். நல்ல மனுஷர்தான், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டு மனுஷர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேமராவின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தார்.

"அளவு எங்க போகுது, அப்புறம் எடுக்கலாம். ஒரு நிமிஷம் இப்படி உக்காருங்க."

"ஐயோ வேணாங்க. நான் போட்டோவுல நல்லாவே வர மாட்டேன்."

"உக்காருங்க."

ஸ்டூலை எடுத்துக் கண்ணாடிக் கதவோரம் போட்டார். விளக்குகளைப் போடவில்லை. கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றினார். வலது கையால் பிடித்தார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கை நடுங்கியது. இடது கையை அடியில் கொடுத்தார், நடுக்கம் நின்றது. "கடைக்கு என்ன பேர் வெக்கப் போறீங்க?" என்று பேச்சுக் கொடுத்தார். அவர் தன் பெண்ணின் பெயர் என்றார். பெண் எப்படி என்று கேட்டதும் மனுஷருக்கு முகமே மாறிவிட்டது. வாயை மறைக்க மறந்து, வெளியே பார்த்தபடி அவள் பண்ணும் சேட்டையைச் சொல்லிச் சிரித்தார். அப்போது விரல் அழுத்தியது. அவர் கையிலிருந்து அந்தச் சத்தத்தை எட்டு மாதம் கழித்துக் கேட்டேன்.

கம்ப்யூட்டரில் போட்டார். ஒன்றையும் துடைக்கவில்லை. கவர் கடைக்காரர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டேப் அவர் கையில் தானாகச் சுருண்டு உள்ளே போனது.

"இது நானா?" என்றார். பிறகு, "இதைப் பெரிசாப் போட்டுத் தர முடியுங்களா? வீட்டுல மாட்டணும். எப்ப வந்து வாங்கிக்கட்டும்?"

எங்கள் வீட்டு மனுஷர் என்னைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை வாங்க" என்றேன் நான். "கடை திறந்துதான் இருக்கும்."