துப்பாக்கி விசைக்கு நான் தடை போட்ட கதை

சிவகாசியில் அச்சுத்தொழில் என்றதும் காலண்டரா, டைரியா என்று கேட்பார்கள். என் மிஷின் காகிதத்தைத் தொடுவதில்லை, பிளாஸ்டிக் இழையை உருக்கி, கம்ப்யூட்டரில் உள்ள உருவத்தைப் பொருளாகவே எழுப்பித் தருகிறது. கல்லூரியில் கவிதை நடத்தி ஓய்வுபெற்றவளுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். தனியாக இருக்கிற வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் நல்லது. வீட்டு முன்னறையே கடை. நீங்களும் கடை வைத்து அவதிப்படுபவரானால் மற்றதெல்லாம் புரியும்.

எச்சரிக்கை

துப்பாக்கி உறுப்புகளை இப்படி அச்சடிப்பது குற்றம் என்று படித்ததும் பயந்துபோனேன். ‘இங்கே துப்பாக்கி உறுப்புகள் அச்சிடப்பட மாட்டா’ என்று, ஓசையெல்லாம் சரிபார்த்து, வாசலில் எழுதி மாட்டினேன். நான் அச்சடிக்கும் சாவி வளையம் வாங்க வந்த கம்பெனி வேன் டிரைவர் நின்று நிதானமாகப் படித்தார்.

“இதுல துப்பாக்கி சாமான்கூடச் செய்யலாம்னு நீங்க எழுதி வச்சப்புறந்தான் டீச்சர் எனக்கே தெரியுது.”

மக்காச்சோளம்

இருக்கன்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் மெமரி கார்டுடன் வந்தார். மருந்தடிக்கும் மிஷினுக்குக் கைப்பிடி என்றார். திரையில் பார்த்தால் துப்பாக்கி விசை! அந்த மிஷினைக் கொண்டுவாங்க அண்ணாச்சி என்றேன், சிரித்துவிட்டார். காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை அழிக்கிறதாம். வீட்டில் விசை உடைந்த பழைய நாட்டுத் துப்பாக்கி இருக்கிறதாம்.

விட்டேனா? வகுப்பு கிடைத்த மகிழ்ச்சியில் சட்டம் முழுவதையும் நடத்தினேன். பிளாஸ்டிக் தாங்காது, தானாக வெடித்தால் உங்கள் கை போய்விடும் என்றும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கார்டை எடுத்துக்கொண்டார்.

“மகன் இதே மிஷின வீட்டுல வாங்கிப் போட்டிருக்கான் டீச்சர். கரண்டு இல்லையேன்னுதான் இங்கன வந்தேன்.”

சோதனை

அவருடைய கை என் கண்ணிலேயே நின்றது. போலீசில் போய்ச் சொன்னேன். பேர் என்ன, எந்த ஊர் என்று கேட்டார்கள். அவ்வளவு பேசிய நான் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஏட்டையா என் கடைக்கு வந்து, பிள்ளையார் பொம்மைகளைக்கூடத் திருப்பிப் பார்த்தார்.

“வீடு வீடா எங்கன போய்த் தேட? கடைன்னா எங்களுக்கும் வந்து பார்க்கத் தோதா இருக்கும்ல டீச்சர்.”

வெற்றி

அந்த விவசாயியே திரும்பி வந்தார். மகன் அச்சடித்த விசையை மேசைமேல் வைத்து, “நீங்க கையப் பத்திச் சொன்னது உறுத்திக்கிட்டே இருக்கு, பாத்துச் சொல்லுங்க” என்றார். எடுத்து விரலால் அழுத்தினேன். எழுதுகோலைத் தவிர எதையும் அழுத்தி அறியாத என் விரலுக்கே அது இரண்டாக ஒடிந்தது. அவர் தம் வலக்கையை மெல்லத் தடவிக்கொண்டார். ஒரு கையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். துண்டுகளை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தார்.

“அப்ப இரும்புல அச்சடிக்கிற மிஷின் எங்கன இருக்கு டீச்சர்?”

சட்டத்தால் இதையெல்லாம் தடுக்க முடியுமா என்று கேட்கிறவர்களிடம், என்னை அது வெகு நன்றாகத் தடுத்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.