ஆடி மாதத்துப் புது வீடு

எனக்குப் பிளேக் வந்துவிட்டது என்று ஒரு பகல் முழுக்க நம்பியவன் நான். சிரிக்க அவசரப்படாதீர்கள், அதற்கு இடம் பின்னால் வருகிறது.

நேற்று போகிற வழியில் பார்த்தேன், அண்ணன் கட்டிய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் விற்று வெகுகாலம் ஆயிற்று. தூசி அடங்கத் தண்ணீர் தெளித்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசனை எழுந்தது. கை தானாக என் இடுப்புக்குப் போயிற்று.

முப்பதுகளில் நாங்கள் கோவையின் பழைய ஊருக்குள் குடியிருந்தோம். இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். தெரு முழுவதற்கும் ஒரே பரண் என்றே சொல்லலாம். தெருக்கோடியில் புறப்பட்ட எலி, மழையில் நனையாமல் எங்கள் அடுப்படிக்கு வந்து சேரும். பிளேக்குக்குப் பயந்துதான் வசதியுள்ளவர்கள் ஊருக்கு மேற்கே காலி நிலத்தில் வீடு கட்டினார்கள். அண்ணனும் கட்டினார். நாற்புறமும் இடம் விட்டு, மங்களூர் ஓடு வேய்ந்து, சிவப்புச் சிமெண்டுத் தரை போட்டு, கூரையை ஒட்டிக் காற்றோட வென்டிலேட்டர் வைத்து. ஜன்னலுக்கு மேலே பச்சைக் கண்ணாடி வேண்டும் என்றது மட்டும் அண்ணி. எல்லாம் முடிந்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் புது வீட்டுக்குக் குடி போவார்கள்? பூட்டினோம். அண்ணன் எதையும் தொலைத்துவிடுவார் என்பதால் சாவி என் பொறுப்பு.

அந்த வாரமே பரணிலிருந்து ஓர் எலி, நான் சாப்பிட உட்கார்ந்திருந்த தட்டுக்குப் பக்கத்தில் செத்து விழுந்தது. எலி விழுந்தால் வீட்டைக் காலி செய்வதுதான் வழக்கம். தெருக்காரர்கள் உள்ளே வெயில் விழட்டும் என்று கூரை ஓட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, தோட்டங்களில் கொட்டாய் போட்டுக்கொள்ளக் கிளம்பினார்கள். நான் கட்டிலில் விழுந்தேன். தொடையிடுக்கில் கெட்டியாக என்னவோ தட்டுப்பட்டது. பிளேக் நெறி!

"அண்ணி, கிட்ட வராதீங்க! என்ர சைக்கிள அண்ணனுக்குக் குடுத்துப்போடுங்க."

அண்ணி வாசற்படியிலேயே நின்று யோசித்தார். "ஏனுங்க தம்பி, அரைஞாண்ல கட்டுன சாவிய அவுத்துட்டீங்களா?"

தடவிப் பார்த்தேன். நெறிக்குப் பல் இருந்தது.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் அண்ணன் பக்கம் திரும்பினார். "அந்தச் சாவியத்தான் வாங்குங்களேன். அங்கயே போயிருலாங்க."

"ஆடியிலயா? ஆகாது அம்மணி."

"அப்பக் கொட்டாய்க்காச்சும் போலாங்க."

"புது ஊட்டக் கட்டிப்போட்டு, கொட்டாயில போய்ப் படுக்கறதா? ஊரே சிரிக்கும். ஆவணி பொறக்கட்டும்."

"எலிக்கு ஆடி ஆவணி தெரியுங்களா?"

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நானோ பிழைத்துக்கொண்ட குஷியில், நான் வேலை செய்த மில்லில் பார்த்தவரிடமெல்லாம் என் சாவிக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எலிக்குப் பயந்து யாரும் ஓட்டைப் பிரிப்பதில்லை. அந்தப் பரண்களும் போய்விட்டன. நேற்றோடு பச்சைக் கண்ணாடியும் போயிற்று.

அந்த ஆடி முடிவதற்குள் அண்ணிக்கு நிஜமான நெறி கட்டியது. பழைய வீட்டிலேயே இறந்துபோனார். ஆவணி பிறந்தது. துக்கம் நடந்த குடும்பத்தில் வருஷம் திரும்பாமல் நல்ல காரியம் கூடாது என்றார்கள். புது வீடு மேலும் ஒரு வருஷம் பூட்டியே கிடந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது.